300 புரொசீஜர்களையும் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் சார். ஆறு வருடமாக வெப் டெவலப்பராக இருக்கிறேன். எங்கள் அணியில் ஐந்து பேர். சரக்கு இருப்பு, ஆர்டர், பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வெப் செயலி எங்களுடையது. பழைய பதிப்பு எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது. அதில் ஏறக்குறைய 300 ஸ்டோர்டு புரொசீஜர்கள் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து ஓட்டும் நிரல்கள்) இருக்கின்றன. இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறுகிறோம், செயலியையும் புதிதாக எழுதுகிறோம். "எல்லாமே புரொசீஜரில்தான் இருக்கணும், அதுதான் வேகம், அதுதான் பாதுகாப்பு" என்கிறார் எங்கள் சீனியர். புதிதாக வந்திருக்கும் டீம் லீட், "ஒன்றுகூட வேண்டாம், மொத்தமும் ஓஆர்எம் (தரவுத்தளக் கட்டளைகளைச் செயலியின் மொழியிலிருந்தே தயாரித்துத் தரும் கருவி) வழியாகவே போகட்டும்" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எதை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வது? கூடவே ஒரு சின்னக் கேள்வி: யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு செய்ய டிரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்) வைக்கலாமா?

பதில்:

இரண்டு பேருமே எங்கோ சூடு பட்டவர்கள் என்று தெரிகிறது. செயலிக்குள் ஆளுக்கொரு குவெரி (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை) எழுதி, தரவுத்தளத்தை மூச்சுத் திணற வைத்த ஒரு புராஜெக்ட்டை உங்கள் சீனியர் பார்த்திருப்பார். ஒரு வரியை மாற்ற 2,000 வரி புரொசீஜரைப் படித்து நொந்துபோன ஒரு இரவு உங்கள் டீம் லீடுக்கு இருந்திருக்கும். இருவரையும் தனித்தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு அந்தக் கதையைக் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

மீதிப் பாதிக்கு வருவோம். முதலில் சீனியர் சொல்லும் வேகம்.

"புரொசீஜர் முன்கூட்டியே கம்பைல் ஆகியிருக்கும், அதனால் வேகம்" என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. எஸ்கியூஎல் சர்வர் 6.5 காலத்தில் புரொசீஜருக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. செயலியிலிருந்து நேராக வரும் குவெரிக்கு அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. 1998-ல் 7.0 வந்தபோது நிலைமை மாறியது. எந்த வழியாக வந்த குவெரியாக இருந்தாலும் அதன் பிளானை, அதாவது அதை எப்படி ஓட்டுவது என்று தரவுத்தளம் போட்ட திட்டத்தை, எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதாவது உங்கள் சீனியரின் வாதத்துக்கு வயது கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இதை அவரிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் போகப்போகும் போஸ்ட்கிரெஸ்ஸில் அந்த வாதம் இன்னும் பலவீனம். அங்கே பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் (புரொசீஜர், ஃபங்ஷன் எழுத அதில் உள்ள மொழி) ஒரு ஃபங்ஷனை உருவாக்கும்போது பிளான் எதுவும் தயாராகி வைக்கப்படுவதில்லை. ஒரு கனெக்‌ஷனில் அதை முதல்முறை கூப்பிடும்போதுதான் உள்ளே இருப்பது அலசப்படுகிறது. பிளானும் அந்தக் கனெக்‌ஷனோடு மட்டுமே வாழ்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் புரொசீஜருக்கான கேஷ் (எடுத்து வைக்கும் இடம்) ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனிதான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக கனெக்‌ஷன் திறந்து மூடும் செயலியில் இந்தக் கேஷால் ஒரு பயனும் இல்லை. கனெக்‌ஷன் பூல் (திறந்தவற்றை மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு) இருந்தால்தான் பலன். பூல் இருந்தால், செயலியிலிருந்து போகும், ஒருமுறை தயாரித்து மதிப்பை மட்டும் மாற்றி ஓட்டும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கும் அதே பலன் கிடைக்கும்.

எடுத்து வைத்த பிளான் எப்போதும் நல்லதும் இல்லை. 10 ஆர்டர் உள்ள வாடிக்கையாளருக்காகப் போட்ட பிளானை 2 லட்சம் ஆர்டர் உள்ளவருக்கும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை எஸ்கியூஎல் சர்வர்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். "நேற்று வரைக்கும் நன்றாக ஓடியதே" என்று ஆரம்பிக்கும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்படியானால் புரொசீஜரால் வேகமே கிடையாதா? உண்டு. ஆனால் அது வரும் இடம் வேறு. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் எத்தனை நடை போய்வருகிறோம் என்பதில் இருக்கிறது. சர்வர்கள் பக்கத்து பக்கத்தில் இருந்தாலும் ஒரு நடைக்கு அரை மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 வரியுள்ள ஒரு ஃபைலை இறக்கும்போது, செயலி வரிக்கு ஒரு இன்சர்ட் (சேர்க்கும் குவெரி) அனுப்பினால் 4 செகண்டு நடையிலேயே போய்விடும். தரவுத்தளம் வேறு ரீஜியனில் இருந்து, நடைக்கு 40 மில்லி செகண்டு என்றால் அதே வேலைக்கு 5 நிமிடத்துக்கு மேல். சிபியு இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருக்கும், கிராஃபைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

இதைச் சரிசெய்ய உடனே புரொசீஜர் எழுதத் தேவையில்லை. பல வரிகளை ஒரே இன்சர்ட்டில் அனுப்பலாம். ஃபைலை அப்படியே ஒரு தற்காலிக டேபிளில் கொட்டிவிட்டு, அங்கிருந்து ஒரே குவெரியில் எடுத்துப் போடலாம். "ஏற்கெனவே இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்" என்பதற்குப் போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தே ஆன் கான்ஃப்ளிக்ட் இருக்கிறது. இதற்காகவே ஒரு காலத்தில் எழுதப்பட்ட புரொசீஜர்கள் உங்கள் 300-ல் கட்டாயம் சில இருக்கும். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன்: செயலியில் ஓடிய லூப்பை அப்படியே தூக்கிப் புரொசீஜருக்குள் கர்சராக வைத்துவிட்டு "ஆப்டிமைஸ் பண்ணியாச்சு" என்பார்கள். நடை மிச்சம், சரிதான். ஆனால் ஒரே குவெரியில் முடியும் வேலையை ரெக்கார்டு ரெக்கார்டாக நகர்த்துவது அங்கேயும் மெதுவாகத்தான் ஓடும்.

நடை உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் செயலியிலேயே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆர்டர் வந்ததும் சரக்கை ஒதுக்க வேண்டும். வழக்கமாக எழுதும் முறை இது (டிரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும் வேலைத்தொகுப்பு; லாக் என்பது அது முடியும்வரை ரெக்கார்டை வேறு யாரும் மாற்ற விடாத பூட்டு; கமிட் அதை உறுதி செய்து முடிக்கும்): டிரான்சாக்‌ஷனைத் தொடங்கு, அந்தப் பொருளின் இருப்பை செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு லாக்கோடு படி, போதுமான இருப்பு இருக்கிறதா என்று செயலியில் பார், இருப்பைக் குறை, ஒதுக்கீடு டேபிளில் ஒரு ரெக்கார்டு சேர், வரலாறு டேபிளில் ஒரு ரெக்கார்டு சேர், கமிட். மொத்தம் ஆறு நடை.

இதில் லாக் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டாவது நடையில் குவெரி தரவுத்தளத்தை அடைந்ததும் லாக் விழுகிறது. அதன் பதில் செயலிக்கு வருவது அரை நடை. அப்புறம் மூன்று முழு நடை. கடைசியாக கமிட் போய்ச் சேர அரை நடை. ஆக நாலு நடை. நடைக்கு 1 மில்லி செகண்டு என்றால் குறைந்தது 4 மில்லி செகண்டு அந்த ரெக்கார்டை வேறு யாரும் மாற்ற முடியாது. அப்படியானால் அந்த ஒரு பொருளுக்கு நொடிக்கு 250 ஆர்டருக்கு மேல் நகராது, எத்தனை செயலி சர்வரைச் சேர்த்தாலும் சரி. இதைவிட மோசமானது இன்னொன்று. நடுவில் செயலி, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷனுக்காகவோ வேறு எதற்காகவோ 200 மில்லி செகண்டு நின்றுவிட்டால், லாக்கும் கையிலேயே நிற்கும். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் அத்தனை பேரும் காத்திருப்பார்கள்.

நடுவில் இருக்கும் நாலு குவெரியையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கமிட் தானாக நடக்கும்படி ஒரே அழைப்பாக அனுப்பினால், லாக் விழுவதும் விடுபடுவதும் தரவுத்தளத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. நெட்வொர்க்கும் செயலியின் தூக்கமும் லாக் நேரத்தில் சேராது. என்னைக் கேட்டால், வெப் செயலியில் புரொசீஜருக்கு இருக்கும் மிக வலுவான காரணம் இதுதான். வேகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட்டு, "லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நெட்வொர்க்கில் நடக்காதே" என்று சொன்னால் உங்கள் டீம் லீடும் ஒப்புக்கொள்வார்.

ஆனாலும், இங்கேயும் புரொசீஜருக்கு முன் ஒரு படி இருக்கிறது. இருப்பைப் படித்துப் பார்த்துவிட்டுக் குறைப்பதற்குப் பதிலாக, "கேட்ட அளவு இருந்தால் மட்டும் குறை" என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட் எழுதுங்கள். எத்தனை ரெக்கார்டு மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சரக்கு இல்லை, ரோல்பேக் செய்து, செய்ததையெல்லாம் ரத்தாக்கிவிடலாம். அந்த அப்டேட்டை டிரான்சாக்‌ஷனின் கடைசி வேலையாக வையுங்கள். மற்ற இரண்டு இன்சர்ட்டும் முன்னால் முடிந்துவிடட்டும். இப்போது லாக் பிடித்திருக்கும் நேரம் நாலு நடையிலிருந்து ஒரு நடையாகிவிட்டது. படிப்பதையும் குறைப்பதையும் ஒன்றாக்கி, வரிசையை மாற்றியதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் வித் என்று தொடங்கி, அப்டேட்டையும் இரண்டு இன்சர்ட்டையும் ஒரே ஸ்டேட்மென்ட்டாகவே கோக்கவும் முடியும். இதெல்லாம் போதாத அளவுக்கு ஒரே பொருளின் மேல் எல்லோரும் விழுகிறார்கள் என்றால் புரொசீஜருக்குப் போங்கள்.

உங்களிடம் அப்படி விழுகிறார்களா? ஆர்டர்கள் ஆயிரக்கணக்கான பொருட்களின் மேல் பரவி வந்தால் 4 மில்லி செகண்டு யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் ஒரே பொருளைத் தள்ளுபடியில் விற்கும் வழக்கம் இருந்தால் கதை வேறு. பழைய தரவுத்தளத்தில் லாக்குக்காகக் காத்திருந்த நேரத்தை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். யூகித்து எழுதாதீர்கள்.

அடுத்து நான் கேட்கும் கேள்வி: அந்த டேபிளில் யார் யார் எழுதுகிறார்கள்? உங்கள் வெப் செயலி ஒன்றுதான் எழுதுகிறது என்றால், விதிகளின் காவலாளியாக அதுவே இருக்கலாம். ஆனால் சரக்கு இருப்பு என்றதும் எனக்குச் சந்தேகம் வருகிறது. கிடங்கில் ஸ்கேன் செய்யும் கருவிக்குத் தனி நிரல் இருக்கும். இரவில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், அதை வேறு மொழியில் யாரோ எழுதியிருப்பார்கள். அப்புறம் அவசரத்துக்கு நேரடியாகக் குவெரி அடிக்கும் ஒரு புண்ணியவான் எல்லா இடத்திலும் உண்டு. இப்படி மூன்று நாலு வாசல் இருக்கும்போது, ஒரு வாசலில் மட்டும் காவல் வைத்துப் பயனில்லை.

அதற்காக ஒரேயடியாகப் புரொசீஜருக்குத் தாவ வேண்டாம். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதற்கு ஒரு செக் கன்ஸ்டிரெயின்ட் (டேபிளிலேயே வைக்கும் நிபந்தனை) போதும். ஒரே பில் எண் இரண்டு தடவை வரக் கூடாது என்பதற்கு யூனிக் இன்டெக்ஸ் போதும். ஒரு வரியில் முடிகிற இவற்றை 40 வரி புரொசீஜராக எழுதி வைத்திருப்பதைப் பழைய சிஸ்டங்களில் நிறையவே பார்க்கலாம். கன்ஸ்டிரெயின்ட்டில் அடங்காத விதிகள், அதாவது இரண்டு மூன்று டேபிள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியவை, அவற்றுக்குத்தான் புரொசீஜர். அப்படி வைத்தால் அந்த டேபிள்களில் நேரடியாக எழுதும் உரிமையைப் பிடுங்கிவிடுங்கள். பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் பூட்டுப் போட்ட கதையாகிவிடக் கூடாது.

பாதுகாப்பு விஷயமும் இங்கேயே வந்துவிடுகிறது. பயனர் அனுப்பும் எழுத்துக்குள் கட்டளையை நுழைத்து ஓட வைக்கும் தாக்குதல்தான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்குப் புரொசீஜர் மருந்து இல்லை, பாராமீட்டர்தான் (மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் தனியாக அனுப்புவது) மருந்து. பாராமீட்டர் வைத்து எழுதிய குவெரி எங்கே இருந்தாலும் பத்திரம். சரங்களை (எழுத்துத் துண்டுகளை) ஒட்டிக் குவெரி தயாரித்தால், அது புரொசீஜருக்குள் இருந்தாலும் ஓட்டைதான். "எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது" என்பதைப் பயனர் அனுப்பும் சரமாக வாங்கி, புரொசீஜருக்குள் ஒட்டி ஓட்டுவது எத்தனையோ ரிப்போர்ட் புரொசீஜர்களில் இருக்கும். உங்கள் 300-லும் முதலில் அதைத் தேடுங்கள், மாறப்போகிறோம் என்று விட்டுவைக்காதீர்கள். பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

உரிமை விஷயத்தில் சீனியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேபிளைத் தொட விடாமல் புரொசீஜரை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் எஸ்கியூஎல் சர்வர் பழக்கத்தோடு போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வருபவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். ஒன்று, போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபங்ஷன் கூப்பிட்டவரின் உரிமையோடு ஓடும்; எழுதியவரின் உரிமையோடு ஓட வேண்டுமென்றால் செக்யூரிட்டி டிஃபைனர் என்று சொல்ல வேண்டும், கூடவே சர்ச் பாத்தையும் (டேபிள் பெயர்களை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல்) அந்த ஃபங்ஷனுக்குள் கட்டிப்போட வேண்டும். இரண்டு, புதிதாக உருவாக்கும் ஃபங்ஷனை ஓட்டும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடும். நீங்களாக ரிவோக் செய்து பறித்தால்தான் தடை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: அதிக உரிமையோடு ஓடும் ஒரு ஃபங்ஷன், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பாதுகாப்புக்காக வைத்ததே ஓட்டையாகிவிடும்.

இனி எதை உள்ளே வைக்கக் கூடாது என்பதில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தள்ளுபடிக் கணக்கு புரொசீஜரில் இருந்தது. ஆர்டர் உறுதியாகும்போது அது கணக்குப் போட்டு பில்லில் எழுதும். பிறகு, "உறுதி செய்வதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தொகையைக் காட்டுங்கள்" என்றார்கள். அவசரத்தில் அதே கணக்கைச் செயலியிலும் எழுதினோம். எழுதியது நான்தான். சில வாரம் கழித்து, "திரையில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை" என்று புகார்கள் வர ஆரம்பித்தன. எல்லா பில்லிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். வித்தியாசம் 0.01.

மூன்று நாள் தேடினேன். தள்ளுபடி போக பில்லின் ஒரு வரிக்கு 10.125 என்று வந்தால், என் நிரல் வரிக்கு வரி முழுமையாக்கி 10.13 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி மூன்று வரி இருந்தால் மொத்தம் 30.39. புரொசீஜரோ மூன்றையும் கூட்டி 30.375 ஆக்கி, கடைசியில் முழுமையாக்கி 30.38 என்று எழுதும். இரண்டு கணக்கிலும் தப்பில்லை. ஒரே விதி இரண்டு வீட்டில் குடியிருந்ததுதான் தப்பு. அன்றிலிருந்து, திரையிலும் காட்ட வேண்டிய கணக்கு எதையும் நான் புரொசீஜருக்குள் வைப்பதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை விற்பனைப் பிரிவு மாற்றச் சொல்லும் விதிகளையும் வைப்பதில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கும், அவற்றுக்கு நிறைய டெஸ்ட் வேண்டும், புதிதாக வருபவரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கெல்லாம் செயலியின் மொழியே வசதி.

அதே மாதிரி மின்னஞ்சல் அனுப்புவது, வெளி ஏபிஐயைக் கூப்பிடுவது, எச்டிஎம்எல் கட்டுவது, பக்கம் பக்கமாகச் சரத்தை வெட்டி ஒட்டுவது, இதெல்லாம் தரவுத்தளத்தில் வேண்டவே வேண்டாம். செயலி சர்வரை ஒன்றுக்கு நாலாகப் போட்டுக்கொள்ளலாம். எழுதும் தரவுத்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். ரெப்ளிகா (நகல் தரவுத்தளம்) வைத்தாலும் அது படிப்பதற்கு மட்டும். அந்த ஒன்றின் சிபியுவை எதற்குச் செலவழிக்கிறோம் என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகவே யோசியுங்கள்.

மாத முடிவுக் கணக்கு, பழைய ரெக்கார்டுகளை வேறு டேபிளுக்கு நகர்த்துவது மாதிரி வேலைகள் நேர் எதிர். லட்சக்கணக்கான ரெக்கார்டுகளைச் செயலிக்கு இழுத்து, கூட்டி, திருப்பி அனுப்புவதில் அர்த்தமே இல்லை. தரவு இருக்கும் இடத்திலேயே வேலை நடக்கட்டும். போஸ்ட்கிரெஸ் 11 வந்த 2018-லிருந்து உண்மையான புரொசீஜரே அதில் இருக்கிறது, அதற்கு முன் ஃபங்ஷன் மட்டும்தான். புரொசீஜருக்குள் கமிட் போடலாம் என்பதால், 5,000, 10,000 என்று துண்டு துண்டாக நகர்த்தி நடுநடுவே லாக்கை விடலாம். ஒரு எச்சரிக்கை: ஓஆர்எம் தானாகவே ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு அதற்குள் இதைக் கூப்பிட்டால், உள்ளே இருக்கும் கமிட் பிழை அடித்து நிற்கும். வெளியே டிரான்சாக்‌ஷன் திறக்காமல், ஆட்டோகமிட்டில் கூப்பிட வேண்டும். என் அனுபவத்தில் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறிய ஒவ்வொரு அணியும் இதில் ஒரு மாலைப் பொழுதையாவது தொலைத்திருக்கிறது. இன்னொன்று, எஸ்கியூஎல் சர்வரில் புரொசீஜருக்குள் ஒரு செலக்ட் எழுதினால் அதன் ரிசல்ட் நேராக வெளியே வந்துவிடும். இங்கே புரொசீஜரில் அப்படி வராது. டேபிளைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக எழுத வேண்டும். 300-ஐயும் வரிக்கு வரி மொழிபெயர்த்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உள்ளே வைக்க முடிவு செய்தவற்றை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்பதுதான் டீம் லீடின் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். நியாயமான பயம். புரொசீஜரும் நிரல்தான். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலேயே உட்கார்ந்திருப்பதால், யார் வேண்டுமானாலும் அங்கேயே திறந்து திருத்திவிடத் தோன்றும். வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் நேரடியாகத் திருத்துவார், வேலை செய்யும், எல்லோரும் தூங்கப் போவார்கள். அடுத்த வாரம் டிப்ளாய் ஆகும்போது (புதுப் பதிப்பை ஏற்றும்போது) கிட் என்ற பதிப்புச் சேமிப்பில் இருக்கும் பழைய பதிப்பு அதன் மேல் ஏறி உட்காரும். போன வாரப் பிழை திரும்பி வரும், யாருக்கும் காரணம் தெரியாது. அதனால் ஒரு புரொசீஜருக்கு ஒரு ஃபைல், ஃபைல் கிட்டில், டிப்ளாய் மைக்ரேஷன் (தரவுத்தளத்தை வரிசையாக மாற்றும் ஸ்கிரிப்ட்) வழியாக மட்டும். ஃப்ளைவே மாதிரியான கருவிகளில் ஃபைல் மாறினால் மறுபடி ஓட்டும் வகை மைக்ரேஷன் உண்டு, புரொசீஜருக்கு அது சரியாகப் பொருந்தும். டெஸ்ட்டுக்கு பிஜிடேப் என்ற கருவி இருக்கிறது. அல்லது செயலியின் டெஸ்ட்டிலேயே உண்மையான போஸ்ட்கிரெஸ்ஸை எழுப்பி, ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். டெஸ்ட் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷனுக்குள் ஒரு நெடுவரிசையின் பெயரைத் தப்பாக எழுதினாலும் உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் வாய் திறக்காது; அந்த வரி ஓடும்போதுதான் கத்தும்.

பாராமீட்டர் சேர்ப்பதில் ஒரு விநோதம் இருக்கிறது. நாலு பாராமீட்டர் ஃபங்ஷனுக்கு ஐந்தாவதைச் சேர்த்து "கிரியேட் ஆர் ரீப்ளேஸ்" ஓட்டினால், பழையது மாறும் என்றுதான் நினைப்போம். மாறாது. அதே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் ஒன்று பக்கத்தில் முளைக்கும், பழையதும் அப்படியே இருக்கும். தெரியாமல் செய்தால் இது பெரிய தலைவலி. தெரிந்து செய்தால் உதவி: செயலியின் புதிய பதிப்பை சர்வர் சர்வராக ஏற்றும்போது பழைய பதிப்பு நாலோடு கூப்பிடும், புதியது ஐந்தோடு கூப்பிடும், இரண்டும் ஓடும். ஐந்தாவதற்கு டிஃபால்ட் மட்டும் வைத்துவிடாதீர்கள், எது எதைக் கூப்பிடுகிறது என்பது குழம்பிவிடும். எல்லா சர்வரும் மாறிய பிறகு பழையதை டிராப் செய்யும் மைக்ரேஷனை மறக்காமல் எழுதுங்கள்.

கண்காணிப்பிலும் ஒரு சின்ன செட்டிங். எந்தக் குவெரி எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் இயல்பாக வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே எண்ணும். ஃபங்ஷனுக்குள் எந்தக் குவெரி நேரத்தைத் தின்கிறது என்று தெரியாது. டிராக் என்ற செட்டிங்கை ஆல் என்று மாற்றினால் உள்ளே இருப்பவையும் தெரியும்.

சரி, அந்த 300? எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி விவாதித்தால் ஒரு வருடம் ஓடிவிடும். முதலில் எவையெல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். எஸ்கியூஎல் சர்வரிலேயே புரொசீஜர் எத்தனை முறை ஓடியது என்று காட்டும் சிஸ்டம் வியூ இருக்கிறது. சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் கணக்கு அழிந்துவிடும் என்பதால் தினமும் எடுத்துச் சேமித்து வையுங்கள். குறைந்தது ஒரு மாத முடிவைத் தாண்டட்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடுவது இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் வாய்விட்டுக் கேளுங்கள், அது எந்த வியூவிலும் தெரியாது. ஓடாதவற்றை எழுதவே வேண்டாம். ஓடுபவற்றில் ஒரு டேபிளில் சேர், ஒரு டேபிளில் மாற்று, ஐடியை வைத்துப் படி என்ற ரகம்தான் கூட்டமாக இருக்கும். அவற்றை யோசிக்காமல் ஓஆர்எம்முக்குக் கொடுங்கள்; டீம் லீட் மகிழ்ச்சியடைவார். நெளிவு சுளிவான ரிப்போர்ட் குவெரிகளை ஓஆர்எம்மில் வளைக்க முயலாமல், செயலியின் ரெப்போவிலேயே எஸ்கியூஎல் ஃபைலாக வையுங்கள். குவெரி என்றாலே புரொசீஜர் அல்லது ஓஆர்எம் என்று இரண்டே வழி இருப்பதாகப் பேசுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

கடைசியில் மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணக்கூடியதாக இருக்கும். உங்கள் கடிதத்தை வைத்து என் ஊகம்: சரக்கு ஒதுக்கீடு, இருப்புத் திருத்தம், மாத முடிவு, பழையதை நகர்த்துவது. ஒதுக்கீட்டைக்கூட, மேலே சொன்ன நிபந்தனை அப்டேட்டோடு செயலியில் எழுதி, உங்கள் உச்ச நேர ஆர்டர் எண்ணிக்கையின் இரண்டு மடங்கை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாங்கினால் அங்கேயே இருக்கட்டும். அந்தச் சோதனையைச் சீனியரும் டீம் லீடும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. எண்ணைப் பார்த்துவிட்டால் இருவருக்கும் தோற்றுப்போன உணர்வு வராது. மாத முடிவைச் சீனியரிடமே கொடுங்கள், ஆனால் ரிவ்யூ செய்வது அணியில் இளையவராக இருக்கட்டும். அந்த நிரலை ஒரே ஒருவர் மட்டும் புரிந்து வைத்திருக்கும் நிலை வரக் கூடாது.

டிரிகர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவுக்கு வையுங்கள், நானும் வைக்கிறேன். எந்த வாசலில் வந்தாலும் அது பிடித்துவிடும். ஒரே ஒரு சிக்கல்: பூல் வழியாக வரும்போது தரவுத்தளத்துக்கு எல்லோரும் ஒரே பயனர்தான். அதனால் டிரான்சாக்‌ஷன் தொடங்கியதும் உண்மையான பயனரின் ஐடியை அந்த டிரான்சாக்‌ஷனுக்கு மட்டுமான செட்டிங்காக வைத்து, டிரிகர் அதைப் படிக்கும்படி எழுதுங்கள். செஷன் முழுவதற்குமாக வைத்தால் அடுத்து அந்தக் கனெக்‌ஷனை வாங்குபவரின் மாற்றம் முந்தையவர் பெயரில் பதிவாகும். பதிவு செய்வதைத் தவிர வேறு எந்த வேலையையும் டிரிகரில் வைக்காதீர்கள். இருப்பைக் குறைக்கும் டிரிகர், அது எழுப்பும் இன்னொரு டிரிகர் என்று போய்விட்டால், 300 புரொசீஜர்களே தேவலை என்று ஆகிவிடும்.